செல்லபாயின் ஜெபங்களும் நாற்பத்தொரு கூட்டாளிகளும்

கிளிமொழி என்ற ஆங்கிலப் பயிற்சிச் செயலியை நடத்துகிறவர்கள் தங்கள் மாணவர்களின் அந்தரங்கத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களே அறுபத்தொரு பக்க விதிமுறைகளில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அறுபத்தொரு பக்கத்தையும் எங்கள் தாலுகாவில் முழுதாக வாசித்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். வாசிக்க வைத்தவர் வாழைக்குலைக் கடை ஞானையன். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நெய்யூர்ப் பக்கத்தில் யாருக்கு எந்த மனு எழுதவேண்டுமென்றாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து செருப்பைக் கழற்றுவார்கள். பட்டா மாற்றம், பென்ஷன், வாரிசுச் சான்று, குடிநீர் இணைப்பு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். இறந்துபோன மனைவியின் குரலைத் திருப்பிக் கேட்டு மனு எழுதியது அதுதான் முதல் தடவை.

ஞானையனின் மனைவி செல்லபாய் ஐம்பத்து மூன்று வயதில் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் அயர்லாந்து விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் ஓர் அதிகாரி. அவரைச் செல்லபாய் பார்த்ததில்லை. மகன் ஷாஜனுக்கு அங்கே வேலை, மருமகள் பிரீனா மாசமாக இருந்தாள். பேறுகாலம் பார்க்க அம்மா போகவேண்டும். போனால் அந்த அதிகாரி எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பார், முழித்தால் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று யாரோ பயம் காட்டிவிட்டார்கள். லீவுக்கு வந்திருந்த ஷாஜன் அம்மாவின் ஃபோனில் கிளிமொழியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். படிப்பு முழுக்க இலவசம். பெயர், வயது, முகவரி, முகம், இருக்கிற இடம், ஃபோனிலிருக்கும் எல்லாருடைய எண்களும், இவ்வளவையும் கொடுத்தால் போதும், ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்குப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு செல்லபாய் அடுக்களை ஸ்டூலில் உட்காருவாள். மைக் பொத்தானை அழுத்தினால், "பேசுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று திரையில் எழுத்து வரும். எங்கள் சபையில் எதையும் ஜெபம் செய்யாமல் தொடங்குவது கிடையாது. கிணறு தோண்டினாலும் ஜெபம், வேன் பிடித்து வட்டக்கோட்டை பார்க்கப் போனாலும் ஜெபம், வேன் டிரைவரும் சேர்ந்து தலை குனியவேண்டும். ஜெபம் என்றால் நாலு வரி மனப்பாடமும் அல்ல. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும், அவரவர் உடம்பில் எங்கே என்ன கோளாறு என்பதையும், அக்கம்பக்கத்தார் தேவைகளையும் வரிசையாக எடுத்துச் சொல்லவேண்டும். கூட இருக்கிறவர்கள் கேட்டு ஆமென் சொல்லவேண்டும். டீச்சரை வெளியே நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணுவது மரியாதையில்லை என்பது செல்லபாயின் எண்ணம். ஆகவே முதலில் மைக்கை அழுத்துவாள். பிறகு கண்ணை மூடி ஐந்து நிமிடம் ஜெபிப்பாள், டீச்சரையும் அவர் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாள், அதற்கப்புறம்தான் பாடம். "உங்கள் ஆங்கில உச்சரிப்பு நான்கு சதவீதம் சரி" என்று தினமும் முதல் மதிப்பெண் வரும். அது ஜெபத்துக்குக் கிடைத்த மதிப்பெண் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் அவளுடைய ஜெபங்களுக்கு அந்தக் காலத்தில் பதில் வந்த வேகம் எங்கள் சபையில் யாருமே கண்டிராதது. கணவருக்கு மூலத் தொந்தரவு, வியாபாரத்தில் உட்கார முடியவில்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டாள். புதன்கிழமை காலையில் ஒரு சித்த வைத்தியசாலையிலிருந்து ஞானையனைக் கூப்பிட்டு, ஐயா உட்காரக் கஷ்டமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மனைவிக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. அடுத்த கடையில் தையல் மெஷின் போட்டிருக்கும் சண்முகவடிவின் மகள் இந்துஜாவுக்கு இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் தகையவில்லை என்று கேட்டாள். மறுநாள் மூன்று திருமணத் தகவல் நிலையங்கள் கூப்பிட்டன. விசா கிடைக்கவேண்டும் என்று கேட்டதற்குப் பதினான்கு ஏஜென்ட்கள் வந்தார்கள்.

செல்லபாய் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். போதகர் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். கிளிமொழியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெண்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் சபையில் முப்பத்தேழு ஃபோன்களில் கிளிமொழி இறங்கியிருந்தது. எல்லாரும் ஜெபித்தார்கள். எல்லாருக்கும் ஃபோன் வந்தது.

ஜனவரியில் மட்டும் ஒரு காரியம் தடைப்பட்டது. அயர்லாந்துப் பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டியிருந்தது. ஷாஜன் மூன்று கம்பெனிகளில் விண்ணப்பித்தான், மூன்றும் முடியாது என்றன. காரணம் தெரிவிப்பதற்கில்லை என்று எழுதினார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி காலையில் துணி காயப்போட மாடிப்படி ஏறிய செல்லபாய் ஐந்தாவது படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. பேரன் பிறந்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து.

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் பேசிக்கொண்டிருந்தவளின் குரலை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. மகனோடு பேசியதெல்லாம் வீடியோ கால், பேசி முடித்ததும் காற்றோடு போனது. ஷாஜன் கல்யாண வீடியோவில் செல்லபாய் நிறையப் பேசுகிறாள், வாயசைவது தெரிகிறது, அத்தனைக்கும் மேல் வீடியோக்காரன் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். ஞானையன் அந்த வீடியோவைக் கடையில் வைத்துச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். குலை வாங்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு கடைக்குப் போனார்கள்.

மார்ச் மாதம் செல்லபாயின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. "செல்லபாய், நீங்கள் முப்பத்தெட்டு நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. உங்கள் கனவுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. உங்களுடைய 214 குரல் பதிவுகள் எங்களிடம் மிகவும் பத்திரமாக உள்ளன." ஞானையன் கடையைத் திறந்துபோட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். குரல் இருக்கிறதாம், இருநூற்றுப் பதினான்கு இருக்கிறதாம், ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார்.

எழுதினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், திருமணப் பதிவேட்டின் நகல் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். நாலே நிமிடத்தில் பதில் வந்தது. அரசாங்க ஆபீஸ்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய எனக்கு அந்த வேகமே ஒரு மரியாதையை உண்டாக்கியது. "அன்புள்ள செல்லபாய், உங்கள் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. நீங்கள் இறந்ததை உறுதி செய்ய, உங்கள் எண்ணுக்கு வந்திருக்கும் ஆறு இலக்கத்தைப் பதிவிடவும்."

ஆறு இலக்கத்தைப் பதிவிட்டோம். அடுத்தது குரல் சோதனை. திரையில் தெரிகிற வாக்கியத்தைப் பயனாளி தன் சொந்தக் குரலில் வாசிக்கவேண்டும், குரல் ஒத்துப்போனால் பதிவுகள் வந்து சேரும். ஞானையன் வாசித்தார். இது உங்கள் குரல் அல்ல என்றது. மெல்லிய குரலில் வாசித்தார், அதற்கும் அதையே சொன்னது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, உங்கள் கணக்கை யாரோ திருட முயல்கிறார்கள், கவலை வேண்டாம், உங்களை நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்று செல்லபாய்க்கு ஒரு செய்தி வந்தது.

நான் விடவில்லை. அறுபத்தொரு பக்கத்தையும் வாசித்தது அந்த வாரத்தில்தான். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. தனக்குப் பிறகு தன் தகவல்களைப் பெற உரிமையுள்ளவரைப் பயனாளி உயிரோடிருக்கும்போதே நியமிக்கலாம். அதற்கான படிவம் கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் திறக்கும். இலவச மாணவர்கள் சாகும்போது என்ன செய்யவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைசியில் நாகர்கோவிலில் அவர்களுக்கு ஓர் அனுபவ மையம் இருப்பது தெரிந்து இருவரும் பஸ் ஏறினோம். டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வாசலில் முகத்தைப் படம் எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள், ஃபோன் எண் கேட்டார்கள், என் ரத்தப் பிரிவையும் கேட்டார்கள். அந்தரங்கம் சம்பந்தமாக வருகிறவர்களுக்கு அது கட்டாயமாம். உள்ளே கண்ணாடி அறையில், பயனாளர் நம்பிக்கை மேலாளர் என்ற பலகைக்குப் பின்னால், அனில்குமார் என்ற இளைஞர் இருந்தார். நல்ல பிள்ளை. எழுந்து நின்று கும்பிட்டார், தண்ணீர் வரவழைத்தார், இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

அவருடைய நிறுவனத்தில் சேர்மன் நினைத்தால்கூட ஒரு மாணவரின் குரலைக் கேட்க முடியாது என்று அனில்குமார் பெருமையோடு விளக்கினார். அப்படியென்றால் யார்தான் கேட்கிறார்கள் என்று நான் கேட்டேன். நம்பிக்கைக்குரிய கூட்டாளிகள் மட்டும்தான், மொத்தமே நாற்பத்தொரு பேர், அவர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அந்தக் கூட்டாளிகள் யார் என்றேன். அது அவர்களுடைய அந்தரங்கம் என்றார்.

"மாமா, நியமம் என்னண்ணா," என்று ஞானையனிடம் திரும்பினார், "பேரோட இருந்தா அது அம்மாவுக்க சொந்தத் தகவல். சொந்தத் தகவல அம்மாவத் தவிர ஒருத்தருக்கும் குடுக்க மாட்டோம், கழுத்துல கத்தி வச்சாலும் குடுக்க மாட்டோம். பேர எடுத்துட்டா அது அம்மாவுக்க தகவலே இல்ல, கம்பெனிக்க சொத்து. அத யாருக்கு வேணுமானாலும் குடுக்கலாம். ஆனா பேர் இல்லாததுல உங்க வீட்டம்மா எதுண்ணு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இந்த நியமத்தை நான் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்று முறையும் சிரித்த முகத்தோடு சொன்னார். முப்பது வருட அனுபவத்தில் அதில் ஓர் ஓட்டையும் எனக்குத் தட்டுப்படவில்லை.

எங்கள் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலும். கம்பெனியைப் பற்றி நாங்கள் தப்பாக நினைக்கக்கூடாது, எவ்வளவு அக்கறையோடு ஒவ்வொரு மாணவரையும் கவனிக்கிறார்கள் என்று காட்டுகிறேன் என்றார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேலே பெயர் இருக்கவேண்டிய இடம் கறுப்பாக அழிக்கப்பட்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: பெண், 53 வயது, குமரி மாவட்டம் மேற்கு. கணவர் வாழைக்குலை வியாபாரி, மூலநோய். ஒரே மகன் அயர்லாந்தில். மருமகள் ஏழு மாதம். பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு வரன் தேடுகிறார்.

"பேர் இல்லாததுனால இது ஆருண்ணு லோகத்துல ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் அனில்குமார்.

ஞானையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலின் அடியில் சிவப்பில் ஒரு வரி இருந்தது. இதயம்: ஆபத்து அதிகம். ஜனவரி 9. அதைத்தான் அனில்குமாரும் சுட்டிக்காட்டினார். இயந்திரம் மூச்சு வாங்குவதிலிருந்தே கண்டுபிடித்துவிடும், ஆனால் இந்தப் பயனாளி விஷயத்தில் அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை என்றார்.

"அவியளே வாய்விட்டுச் சொல்லியிருக்காவ மாமா. படி ஏறும்ப நெஞ்ச அடைக்குதுண்ணு நாலு நாள் அடுப்பிச்சு, விடாம சொல்லியிருக்காவ. எங்க சிஸ்டம் அன்னைக்கே பிடிச்சுப் போட்டுது. இருபத்து மூணு பார்ட்னர்மாரு அன்னைக்கே வாங்கிட்டாவ. இன்சூரன்ஸ்காரங்க எல்லாம் நல்ல அபிப்ராயம் எழுதியிருக்காவ."

ஜனவரி ஒன்பதுக்கும் பிப்ரவரி இரண்டுக்கும் நடுவில் இருபத்து நாலு நாள். எங்கள் ஊரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், ஞானையனும் போட்டிருப்பார்.

"எனக்க கிட்ட சொல்லல்லியே பிள்ளே," என்றார் கடைசியில். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "அவ வேற என்ன சொன்னா? நான் பயந்துபோவேண்ணு சொன்னாளா? எனக்கு ஃபோன்ல ஏத்தியெல்லாம் தரண்டாம். அந்த நாலு நாளு சொன்னத மட்டும் இஞ்ச வச்சு ஒருக்கா கேக்க விட்டாப் போரும். நான் அனங்க மாட்டேன், சத்தம் காட்டாம இருப்பேன்."

அனில்குமாருக்கும் கண் கலங்கியது. அது நிஜம், நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அது ஒரு மனைவி ஆண்டவரிடம் தனியாகப் பேசியது, புருஷனானாலும் கேட்பது முறையாகாது, அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். வெளியே வருகிற கதவருகில் ஐந்து பொம்மை முகங்கள் போட்ட ஒரு கருவி இருந்தது. உங்கள் அனுபவம் எப்படி என்று அதில் கேட்டிருந்தது. ஏதாவது ஒரு முகத்தை அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஞானையன் எதை அழுத்தினார் என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு இறங்கும்போது, அவள் கேட்டதற்கெல்லாம் மறுநாளே பதில் வந்ததே, இதற்கு மட்டும் ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று என்னிடம் கேட்டார். மூன்று காப்பீட்டுக் கம்பெனிகளும் முடியாது என்று எழுதியதுதான் இதற்கு வந்த பதில் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் சண்முகவடிவு தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஃபோனைக் கையில் பிடித்தபடி குலைக்கடைக்கு வந்தாள். நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன். செல்லபாய் சொல்லி முன்பே அவளும் கிளிமொழி போட்டிருந்தாள். அன்று காலையில் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, இனி முதல் நிலை மாணவர்களுக்கு 'நம்ம ஊர் அக்கா' துணை நிற்பார் என்று அறிவித்ததாம். மண்ணின் மணம் மாறாத குரலில் அக்கா உங்களைத் திருத்துவார், தேற்றுவார் என்று போட்டிருந்தது. "அண்ணே, நீங்க இருந்துகிட்டு இதக் கேளுங்க," என்று ஞானையனிடம் சொல்லிவிட்டு, சண்முகவடிவு ஓர் ஆங்கில வாக்கியத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்.

"சாரமில்ல மக்கா, ஒருக்கா கூட சொல்லு," என்றது ஃபோன்.

அது செல்லபாய். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செயலிக்கு அவள் பேச்சு விளங்காமல் திணறும்போதெல்லாம், பாவம் டீச்சர், பரவாயில்லை, இன்னொரு தடவை சொன்னால் போகிறது என்று நினைத்து அவள் அதைத் தேற்றுவாள்: சாரமில்ல மக்கா, ஒருக்கா கூட சொல்லுதேன். அந்த வாக்கியத்தின் வாலை நறுக்கிவிட்டு இப்போது அதைக்கொண்டு மற்றவர்களைத் தேற்றுகிறார்கள். ஞானையன் சண்முகவடிவின் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார், பிறகு திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது மனு எழுதினேன். இந்தக் குரல் என் மனைவியுடையது என்று ஞானையன் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பதில் வக்கீலிடமிருந்து வந்தது. அக்கா என்பவர் நிறுவனத்தின் தயாரிப்பு, எந்தத் தனிநபரும் அல்ல. அது இன்னாருடைய குரல் என்று பொதுவில் சொல்வது இறந்த ஒரு பயனாளியின் அடையாளத்தை அம்பலப்படுத்துவதாகும். அந்தப் பயனாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமை நிறுவனத்துக்கு இருப்பதால், ஞானையன் மேற்கொண்டு அப்படிச் சொன்னால் செல்லபாயின் நலன் கருதி அவர்மேல் நடவடிக்கை எடுக்க நேரும்.

அதற்குப் பிறகு ஞானையன் மனு எழுதச் சொல்லவில்லை. சொந்த ஃபோனில் கிளிமொழியில் சேர்ந்தார். அறுபத்தொரு பக்கத்துக்கும் ஒரே அழுத்தில் சம்மதம் கொடுத்தார், முகத்தைக் கொடுத்தார், எல்லாருடைய எண்களையும் கொடுத்தார், என் எண்ணும் அதில் உண்டு. தினமும் மூன்று மணிக்கு வியாபாரம் ஓய்ந்ததும், தொங்குகிற குலைகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசத் தொடங்கினார். சரியாகச் சொன்னால் அக்கா வாயே திறக்கமாட்டாள். தப்புக்குத்தான் குரல்.

ஒவ்வொரு தப்புக்கும் ஒவ்வொரு துண்டு வைத்திருந்தார்கள். உச்சரிப்பு பிசகினால் சாரமில்ல மக்கா. வேகமாகச் சொன்னால், பைய, பைய. நெட் மெதுவாக இருந்தால், இன்னா வந்துட்டேன். சண்முகவடிவு இதையெல்லாம் இன்னொரு ஃபோனில் பதிவு செய்து கொடுத்துப் பார்த்தாள். ஞானையன் ஒரு தடவை கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் அவள் யாரிடமோ சொல்கிறாள், இதில் என்னிடம் சொல்கிறாள் என்றார். புதுப் புதுத் தப்புகளாகச் செய்து பார்த்தார். அவர் ஒருவேளை ஜெபத்தின் ஒரு துண்டு எங்காவது மாட்டியிருக்கும் என்று தேடினாரோ என்னவோ. ஜெபத்தை அவர்கள் எதற்கும் பயன்படுத்தியிருக்கவில்லை. அது விற்பனைக்குப் போன சரக்கு.

ஒரு நாள் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டார். பத்து நொடி கழிந்ததும் ஃபோன் பேசியது.

"இஞ்ச பாருங்க, அங்ஙன இருக்கியளா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டீச்சரை அவள் இருக்கியளா என்று கேட்கவே மாட்டாள், டீச்சர் அவளுக்கு மக்கா. இது பாடத்தின் நடுவில், மைக்கை மூடாமல், புறவாசல் பக்கம் திரும்பி, கடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த ஞானையனைக் கேட்டது. மாணவர் பேசாமலிருந்தால் இருக்கிறாரா என்று விசாரிக்க அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில், எஸ், ஐ ஆம் ஹியர் என்று சொல்லவேண்டும். சொன்னால் பாடம் மேலே நகரும்.

ஞானையன் சொல்லவில்லை. அன்றிலிருந்து தப்புச் செய்வதையும் விட்டுவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கை அழுத்திவிட்டுப் பேசாமலிருப்பார். பத்து நொடிக்கு ஒரு தடவை அவள் கேட்பாள். மூன்று தடவை கேட்டுவிட்டுச் செயலி மூடிக்கொள்ளும், அவர் மறுபடியும் திறப்பார். வட்டாரத்திலேயே மிகவும் பின்தங்கிய மாணவர் என்று அவருக்குச் செய்தி வந்தது. மூளை வளர்ச்சிக்கான லேகியம் விற்கிறவர்கள் கூப்பிட்டார்கள். காது கேட்கும் கருவி விற்கிறவர்களும் கூப்பிட்டார்கள்.

செப்டம்பரில் நிறுவனம் ஒரு மகிழ்ச்சியான செய்தி அனுப்பியது. மாணவர்களின் கருத்துக்கு மதிப்பளித்து நம்ம ஊர் அக்காவுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். சென்னை, கோவை மாணவர்களுக்கு அக்காவின் பேச்சு பாட்டு மாதிரி இழுக்கிறதாம், புரியவில்லையாம். ஒன்றாம் தேதி முதல் எல்லாரும் விரும்பும் பொதுவான குரல் வரும். அக்காவின் பதிவுகள் என்ன ஆகும் என்று நான் எழுதிக் கேட்டேன். அவை எங்களிடம் மிகவும் பத்திரமாக இருக்கும் என்று பதில் வந்தது.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு நான் குலைக்கடைக்குப் போனேன். தனியாக விடவேண்டாம் என்று தோன்றியது. சண்முகவடிவும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஓரமாக நின்றாள். ஞானையன் குளித்து, வெள்ளை வேட்டியும் ஆராதனைக்குப் போடுகிற சட்டையும் போட்டிருந்தார். மட்டிக்குலை வாங்க வந்த ஒருவரிடம் அரைமணி கழித்து வரும்படி சொல்லி அனுப்பினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கை அழுத்தினார். பேசுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எழுத்து வந்தது. அவர் பேசவில்லை. பத்து நொடி ஆயிற்று.

"இஞ்ச பாருங்க, அங்ஙன இருக்கியளா?"

"இருக்கேன் செல்லபாய்," என்றார் ஞானையன்.

திரை சிவந்தது. விடை தவறு, ஆங்கிலத்தில் சொல்லவும், இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன என்று எழுத்து வந்தது. அவர் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. ஃபோனை வாயருகில் கொண்டுபோய், "இஞ்சதான் இருக்கேன்," என்று திரும்பவும் சொன்னார்.